அம்மாவுக்கு எடை, அப்பாவுக்கு வேகம்: ஜிம்மா, வாக்கிங்கா, வீட்டு நாற்காலியா?

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. போன தை மாதம் அம்மாவின் வேண்டுதலுக்காக நாங்கள் நாலு பேரும் ஏறினோம். அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 64, எனக்கு 41, தம்பிக்கு 33. ரோப் கார்தான் 2024-இலேயே வந்துவிட்டதே, அதில் போகலாமே என்று அப்பா மெதுவாக இழுத்துப் பார்த்தார். "படியேறி வர்றேன்னு வேண்டிக்கிட்டு கம்பியில தொங்கிட்டுப் போய் நின்னா நரசிம்மர் என்ன நினைப்பாரு?" என்று அம்மா கேட்டதும் பேச்சு முடிந்துவிட்டது.

தம்பி முதல் இருநூறு படியை ஓடியே ஏறினான். நானூறாவது படிப் பக்கம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிழலில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான், மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. அம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். குரங்குக்காக ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் அர்ச்சனைப் பை, படிக்குப் படி ஒரே வேகம், எங்கேயும் உட்காரவில்லை. மேலே முதலில் போய் நின்றது அவர்தான்.

கதை மாறியது இறங்கும்போது. பாதி மலை இறங்குவதற்குள் அம்மாவின் தொடை நடுங்க ஆரம்பித்தது, கடைசி முந்நூறு படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொன்றாக இறங்கினார், மறுநாள் காலை பாத்ரூமில் முக்காலியிலிருந்து எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார். அப்பாவுக்குத் தொடை வலி இவ்வளவு இல்லை, ஆனால் தேய்ந்த படி ஒன்றில் செருப்பு வழுக்கியபோது அடுத்த காலை எடுத்து வைக்க நேரம் போதவில்லை. தம்பி முழங்கையைப் பிடித்திருக்காவிட்டால் உருண்டிருப்பார்.

ஒரே மலை, ஒரே வெயில், மூன்று பேருக்கு மூன்று விதமாக உடம்பு கைவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒரே தீர்வாகச் சொன்னான்: "அக்கா, நாலு பேரும் ஜிம் சேர்ந்துடலாம், ஃபேமிலி பேக்கேஜ் வருஷத்துக்கு 38,000." அப்பா வாக்கிங் போதும் என்றார். வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே என்றார் அம்மா. நான் பள்ளியில் பி.டி. டீச்சர், அதனால் முடிவு என் தலையில் விழுந்தது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு படித்ததும் பார்த்ததும்தான் இது. டாக்டர் இல்லை நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு தப்பாகப் போவதற்குக் காரணம், சோர்வு என்பதை ஒரே சாமானாக நினைத்துக்கொள்வதுதான் என்று நினைக்கிறேன். யாருக்கு எது சீக்கிரம் தீர்கிறதோ அதை வளர்க்காமல், ஏற்கெனவே கையில் இருப்பதையே மறுபடி மறுபடி வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஆண் பெண் விஷயம். தசைக் களைப்பை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் வழி ரொம்ப எளிது. உங்களால் அதிகபட்சம் எவ்வளவு விசை கொடுக்க முடியும் என்று முதலில் பார்ப்பார்கள், அப்புறம் அதில் 20 சதவீதமோ 50 சதவீதமோ அப்படியே பிடித்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள், கை விட்டுப்போகும் நேரம்தான் கணக்கு. (19-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோசோ என்பவர் விரலில் கயிறு கட்டி எடையைத் தூக்கவைத்து, விரல் ஓயும் விதத்தைக் கோடாக வரைந்து காட்டினார். சோர்வுக்கென்று கட்டிய முதல் கருவிகளில் அது ஒன்று.) இந்தச் சோதனையில், அதிலும் லேசான பிடியில், பெண்கள் பெரும்பாலும் ஆண்களைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள். திரும்பத் திரும்பப் பல ஆய்வுகளில் வந்த முடிவு இது.

ஏன் என்பதுதான் சுவாரசியம். ஆணின் தசை பொதுவாகப் பெரியது, கொடுக்கும் விசையும் பெரியது. இறுகும்போது அது தன்னுடைய ரத்தக்குழாய்களையே நசுக்கிக்கொள்கிறது, ரத்தம் குறைகிறது, உயிர்வளி குறைகிறது, கழிவு தேங்குகிறது. பெண்ணின் தசையில் அந்த அழுத்தம் குறைவு, அதனால் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுகிறது. இதற்குச் சாட்சி என்னவென்றால், பட்டை கட்டி இரண்டு பேருக்கும் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சோதித்தபோது அந்த வித்தியாசமே மறைந்துபோனது. சில ஆய்வுகளில் ஒரே பலம் உள்ள ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்துப் பார்த்தபோதும் மறைந்தது. இதோடு பெண்களின் தசையில் நிதானமாக, கொழுப்பை எரித்து ஓடும் இழைகளின் பங்கு சராசரியில் கொஞ்சம் கூடுதல். எடை 80 சதவீதத்துக்குப் போனால், அல்லது வேகமாகச் செய்யச் சொன்னால், இந்தச் சாதகம் சுருங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு "பாத்தியா, பொம்பளைங்கதான் ஸ்ட்ராங்" என்று வாட்ஸாப்பில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தக் கணக்கு முழுக்க அவரவர் பலத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. வாழ்க்கை சதவீதத்தில் வருவதில்லை, கிலோவில் வருகிறது. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்னிடம் வந்தாலும் தம்பியிடம் போனாலும் 20 கிலோதான். வீட்டு காஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவைத் தொடும். அதிகபட்சம் 50 கிலோ தூக்குகிறவனுக்குத் தண்ணீர் கேன் 40 சதவீத வேலை, 25 கிலோதான் முடியும் என்கிற அம்மாவுக்கு அது 80 சதவீத வேலை. அந்த 80 சதவீதத்தில் அம்மாவின் தாக்குப்பிடிக்கும் திறமைக்கு வேலையே இல்லை. ஆக, பெண்களிடம் பொறுமை நிறைய இருக்கிறது, அதைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது பலக் குறைவு. மலை ஏறும்போது அம்மா ஜெயித்ததற்கும் இறங்கும்போது தோற்றதற்கும் இதுவே காரணம் என்று எனக்குப் புரிந்தது.

வயது விஷயம் இன்னும் தலைகீழ். வயதானால் சீக்கிரம் களைத்துப்போவோம் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? அவரவர் பலத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்து அசையாமல் பிடிக்கச் சொன்னால், 70 வயதுக்காரர் 25 வயதுக்காரரைவிடப் பெரும்பாலும் அதிக நேரம் பிடிக்கிறார். வேகமாக இழுத்து விடு, மறுபடி இழுத்து விடு என்றால் அதே ஆள் சட்டென்று விழுந்துவிடுகிறார். காரணம் நரம்பில் தொடங்குகிறது. வயதாக ஆகத் தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்புகளில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அவற்றை நம்பியிருந்த தசையிழைகள் அனாதையாக நிற்கும்போது பக்கத்து நரம்பு சிலதைத் தத்தெடுத்துக்கொள்கிறது, மிச்சம் அழிந்துவிடுகிறது. தத்தெடுப்பது பெரும்பாலும் நிதான வகை நரம்பு, அதனால் இழையும் நிதான வகையாகவே மாறிவிடுகிறது. அழிவதிலும் மெலிவதிலும் முன்னால் நிற்பது, சட்டென்று பலம் கொடுக்கும் வேக இழை. 1988-இல் ஸ்வீடனில் லெக்செல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 15 முதல் 83 வயது வரை இறந்துபோன ஆண்களின் தொடைத் தசையை முழுக் குறுக்குவெட்டாக அறுத்து இழைகளை எண்ணிப் பார்த்தார்கள். 25 வயதை ஒட்டியே குறைய ஆரம்பித்து, 80-இல் தசையின் பரப்பு சுமார் 40 சதவீதம் போயிருந்தது.

அளவு போவதைவிட வேகமாகப் பலம் போகிறது, பலத்தைவிட வேகமாகப் போவது பலத்தைச் சட்டென்று வெளியே எடுக்கும் திறன். வழுக்கும்போது காலை மாற்றி வைக்க ஒரு நொடியில் ஒரு பங்குதான் அவகாசம். அப்பாவின் காலில் பலம் இருந்தது, நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பலம் இறங்கும் வேகம் கூடுகிறது. ஏற்கெனவே குறைவாக இருந்த பலம் என்பதால், தரையைத் தொடுவதும் அவர்கள்தான் முன்னால்.

எங்கள் வீட்டு நிலவரம் என்ன என்று பார்த்தேன். ஆசியர்களுக்கென்று 2019-இல் ஒரு நிபுணர் குழு எல்லைக்கோடு போட்டிருக்கிறது: கையால் இறுக்கிப் பிடிக்கும் பலம் ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழே, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். பிசியோ தோழியிடம் பிடி அளக்கும் கருவியை ஒரு நாள் இரவல் வாங்கி வந்தேன். தம்பி 46, நான் 27, அப்பா 29, அம்மா 16. நாற்காலியில் அப்பாவுக்கு 13 நொடி. அம்மாவுக்கு 15. நாலாவது முறை எழும்போது அம்மாவின் கை தானாகவே மார்பிலிருந்து அவிழ்ந்து தொடையை ஊன்றப் போனது, "கையை எடும்மா" என்று நான் சத்தம் போட வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து எழ இளவயதுக்காரர் தொடைப் பலத்தில் பாதிகூடச் செலவழிப்பதில்லை, முதியவர்கள் 80 சதவீதம் வரை செலவழிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வில் படித்தது அந்த நொடியில்தான் உறைத்தது. அம்மாவுக்கு ஒவ்வொரு முறை எழுவதும் தண்ணீர் கேன் தூக்குவது மாதிரி.

சரி, இப்போது கையில் இருக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

வாக்கிங். இலவசம், பழக்கம், பேச ஆள் கிடைக்கும், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது, எதையும் குறை சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரத்துக்கு 150 நிமிடக் கணக்கை அப்பா தினமும் காலை ஏரிக்கரையில் முடித்துவிடுகிறார். ஆனால் அதே அறிக்கை வாரம் இரண்டு நாளாவது தசைப் பலத்துக்கான பயிற்சியும், 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாள் நிலைதடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்தப் பாதியை யாரும் ஃபார்வேர்ட் செய்வதில்லை. சமதரையில் நடப்பதற்கு நிதான இழையே போதும், வயதானவர்களிடம் மிச்சம் இருப்பதும் அதுதான். அப்பா பத்து வருடமாக நடக்கிறார், பத்து வருடமாக அவருடைய வேக இழைகளுக்கு விடுமுறை. அதிலும் நண்பர்களோடு அரசியல் பேசிக்கொண்டு போகும் நடை என்றால் கேட்கவே வேண்டாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாக்கிங் வேண்டும், வாக்கிங் மட்டும் என்றால் வேண்டாம்.

வீட்டு வேலை. அம்மாவின் கட்சி. மாவு அரைத்து, துணி பிழிந்து, பெருக்கி, நாள் முழுக்க நிற்கிறாரே என்றால், அதெல்லாம் லேசான எடையில் நீண்ட நேரம், அதாவது பெண்ணுடம்புக்கு ஏற்கெனவே நன்றாக வருகிற வேலை. அசதி வரும், பலம் வராது. எங்கள் பாட்டி காலத்தில் கிணற்றில் இறைத்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று போனபோது வேறு கணக்கு. இப்போது மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், உட்கார நாற்காலி, டாய்லெட்டுக்கும் நாற்காலி. குந்தி எழுவதே நின்றுபோயிற்று. இந்த வழியை முதலிலேயே அடித்துவிட்டேன், அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

ஜிம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி எல்லாம் சரியாக இருந்தும் உபயோகம் தப்பாகப் போகும் இடம் இது. தம்பி சொன்ன இடத்துக்கு அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் இலவச வகுப்புக்குப் போனோம். டிரெய்னர் பையன் நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். அம்மா கையில் ரோஸ் நிறத்தில் இரண்டு கிலோ டம்பெல் கொடுத்து 15 முறை, மூன்று செட் என்றான். அப்பாவை டிரெட்மில்லில் 20 நிமிடம் ஏற்றிவிட்டான். "லேடீஸுக்கு வெயிட் வேணாம் மேடம், டோனிங் போதும்." அம்மா 15 முடித்துவிட்டு, "இன்னும் பண்ணட்டுமா தம்பி?" என்று கேட்டார். நாற்பது பண்ணியிருப்பார்.

பிரச்சினையே அதுதான். லேசான எடையில் தசை வளராது என்பது பொய், வளரும். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல் 30 சதவீத எடையையும் 80 சதவீத எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், தசை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வளர்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: இனி ஒன்றுகூட முடியாது என்கிற வரை போக வேண்டும். லேசான எடையில் பெண்கள் அந்த இடத்தைத் தொட ஆண்களைவிடக் கூடுதல் நேரமாகும். ஆக, இரண்டு கிலோவில் 15 என்பது அம்மாவுக்கு வெறும் கை வீச்சு. அப்புறம், பலம் என்று வரும்போது கனமான எடைதான் அந்த ஆய்வுகளிலும் ஒரு படி மேலே நிற்கிறது. அம்மாவுக்குத் தேவை பலம், அவருக்கு எட்டு பத்து முறைக்குள் மூச்சு முட்ட வைக்கிற எடை. பெண்ணுக்கு லேசு, ஆணுக்குக் கனம் என்ற ஜிம் வழக்கம் நியாயமாகப் பார்த்தால் திருப்பிப் போட வேண்டியது.

வயதானவர்களுக்குக் கனமா என்று பதறுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடையில் தொடைப் பயிற்சி கொடுத்தார். ஒன்பது பேர் முடித்தார்கள், பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. எவ்வளவு கீழே இருந்து தொடங்கினார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 64 என்பது அந்தக் கணக்கில் இளமை.

ஜிம்மின் நல்ல பக்கம், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வசதி, உட்கார்ந்து காலால் தள்ளும் லெக் பிரஸ் மாதிரி விழ வாய்ப்பில்லாத கருவி, கவனிக்க ஆள். கெட்ட பக்கம், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, பாட்டுச் சத்தம், கண்ணாடி, அம்மாவுக்குப் புடவையா சுடிதாரா என்ற கூச்சம், மாலை கூட்டத்தில் கருவிக்குக் காத்திருப்பது. தம்பிக்கு இதெல்லாம் தடையே இல்லை. அவனுக்கு வேறு குறை, மலையில் நாம் பார்த்ததுதான். பெரிய தசை, வேக இழை, முதல் ஐந்து நிமிடம் புலி, அப்புறம் தேங்காய்ப்பூ. அவன் ஜிம்மில் படுத்தபடி எடையைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸை இன்னும் பத்து கிலோ கூட்டுவதைவிட வாரம் இரண்டு நாள் ஒரே சீராக 40 நிமிடம் சைக்கிள் மிதித்தால் உருப்படுவான். மாரத்தான் ஓட்டத்தில்கூட ஆரம்ப வேகத்தைக் கடைசி வரை காப்பாற்றுவதில் ஆண்களைவிடப் பெண்கள் நிதானம் என்று கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். "அது தசை இல்ல அக்கா, பிடிவாதம்" என்றான். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம், வேகத்தைத் தீர்மானிப்பது தசை மட்டும் இல்லையே.

யோகா. அம்மாவுக்குப் பிடித்தது, கூச்சம் இல்லை, கோயில் மண்டபத்தில் வாரம் மூன்று நாள் ஒரு டீச்சர் நடத்துகிறார், கட்டணமும் கம்மி. ஆசனத்தில் அசையாமல் நிற்பது முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இயல்பாகவே வருகிறது என்று மேலே பார்த்தோம். அதனால் அங்கே நன்றாகச் செய்கிறோம் என்ற திருப்தி கிடைக்கும், தொடர்ந்து போவார்கள், நிலைதடுமாற்றத்துக்கும் நல்லது. ஆனால் வேக இழைக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நீண்ட நேரம் நிற்கக் கூடாது, எண்ணிக்கொண்டே நின்றால் மூச்சு தானாக ஓடும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படிக்கட்டு. எங்கள் ஃபிளாட் இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. ஏறுவது மூச்சுக்கு, இறங்குவது தொடைக்கு. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே இறுகுகிறது, பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கும் லாரி மாதிரி. அதில் இழைகளில் நுண்ணிய கீறல் விழுவதால்தான் அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வலி. லாக்டிக் ஆசிட் தேங்கியதால் வலி என்று இன்னும் சொல்கிறார்கள், அது அன்றைக்கே ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். அந்தக் கீறலைத் தாங்கிய தசை அடுத்த முறை பலமாக வருகிறது. 2017-இல் தைவானில் பருமனான வயதான பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணியைப் படியேறி லிஃப்டில் இறங்கவும், மற்ற அணியை லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கவும் வைத்தார்கள். 12 வாரத்தில் இறங்கிய அணிக்குத்தான் தொடைப் பலம் அதிகம் கூடியது. கேட்டால் நம்ப மாட்டார்கள், லிஃப்டில் மேலே போய் நடந்து இறங்குவது சோம்பேறித்தனம் இல்லை என்று அபார்ட்மெண்டில் நான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வீக்கம் இருப்பவர்கள், கைப்பிடி இல்லாத படிக்கட்டு, ஈரமான படி, இந்த மூன்றுக்கும் இது ஆகாது.

கடைசியில் வீட்டு நாற்காலி. கை இல்லாத கனமான சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று, சுவரை ஒட்டிப் போட்டது. ஆறாயிரம் ரூபாய்க்குள் எடை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடியும் இரண்டு ரப்பர் பட்டையும் வாங்கினேன். நாற்காலியிலிருந்து எழுவதில் எல்லாப் பாடமும் இருக்கிறது. நெஞ்சோடு எடையை அணைத்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தால் அது பலம். வெறும் கையோடு சட்டென்று எழுந்து, மூன்று எண்ணி நிதானமாக உட்கார்ந்தால் அது வேகம். ஒரே நாற்காலி, ஆளுக்கு ஏற்ற மாதிரி பாடம் மாறுகிறது. குறை என்னவென்றால் கட்டாயப்படுத்த யாரும் இல்லை, சீரியல் வந்தால் நாற்காலி சும்மா நிற்கும்.

நடுவில் என்னைப் பற்றி ஒன்று. 41-இல் மாடி ஏறினாலே கால் கனக்கிறதே, வயசாகிவிட்டது என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன சித்திரையில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 9.8. பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25. தசைக்கு உயிர்வளி கொண்டுபோகிற லாரியே பாதி காலி என்றால் எந்த ஜிம் என்ன செய்யும்? அதனால் 20 முதல் 50 வரை உள்ள பெண்கள் ஜிம் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள், தைராய்டையும் சேர்த்து. மாதவிடாய் நாட்களைப் பார்த்துப் பயிற்சியை மாற்றித் தருகிறோம் என்று காசு வாங்கும் செயலிகளும் வந்திருக்கின்றன. 2020-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சுழற்சியால் வரும் வித்தியாசம் சராசரியில் மிகச் சின்னது என்றுதான் வந்தது. வலிக்கிற அன்று விட்டுவிடுங்கள், அதற்குச் செயலி வேண்டாம்.

சாப்பாடும் வராமல் இல்லை. 60 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் என்பது நம் நாட்டு அளவு, வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல் நல்லது என்கிறார்கள். இரவு இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால் என்று அம்மா முடித்துக்கொள்வதை எண்ணிப் பார்த்தால் நாள் முழுக்க 35-ஐத் தாண்டவில்லை. ஒரு முட்டை 6 கிராம். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் என்று ஆரம்பித்தோம், முட்டைக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

ஆக, ஃபேமிலி பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவாயிற்று. தம்பி மட்டும் தன் பணத்தில் ஜிம், கூடவே சைக்கிள். எனக்கு இரும்புச்சத்து மாத்திரை, பள்ளி மைதானத்தில் குழந்தைகளோடு ஓட்டம், வாரம் இரண்டு நாள் எடை. அப்பாவுக்கு வாக்கிங் அப்படியே இருக்கட்டும், ஏரிக்கரையில் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் இரண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவே வேக நடை, வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சட்டென்று எழுவது ஆறு முறை, நடுவில் நன்றாக ஓய்வு, மறுபடி ஆறு. வேகப் பயிற்சியில்தான் வயதானவர்கள் சீக்கிரம் களைக்கிறார்கள் என்பதால் எண்ணிக்கை குறைவு, ஓய்வு அதிகம். பிரஷர் மாத்திரை போடுகிறவர் என்பதால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். அம்மாவுக்கு நேர்மாறு: எடை கனம், வேகம் நிதானம், செட்டுக்கு நடுவே ஒரு நிமிடம் ஓய்வே போதும் என்கிறார், அதற்குள் குக்கர் விசிலை எண்ணிவிட்டு வந்துவிடுவார்.

ஒரு வேளை உங்கள் வீட்டில் 65 தாண்டியவர் ஏற்கெனவே ஒரு முறை விழுந்திருக்கிறார், அல்லது நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் இந்த வீட்டு வைத்தியம் வேண்டாம். அங்கே செலவழிக்க வேண்டியது பிசியோதெரபிஸ்டிடம், முதல் மாதமாவது. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் இருந்தால் அதற்கும் முன்னால் டாக்டர்.

மூன்று மாதம் ஆகிறது. அம்மா ஒரு கையில் இரண்டு கிலோவில் தொடங்கி இப்போது ஏழரை கிலோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்டு முறை எழுகிறார். பூஜை அறைக் காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் நொடிகளைக் குறித்துவைக்கிறார்: 15, 14, 13.5, கடைசியாக 11. அப்பா தன்னுடையதை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார், ஆனால் நேற்று மதியம் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு, "போன்ல அந்த டைமரை எப்படிம்மா போடறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.